உமி கட்டும் புரதமும் ஒரு முயலும்

டெல்டாவில் எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் பலகையில் இரண்டு விலை எழுதியிருக்கும். சன்ன ரகத்துக்கு ஒன்று, பொது ரகத்துக்கு ஒன்று. அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் எண் 2.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சன்னம், குறைந்தால் பொது. சிஆர் 1009 குண்டு நெல், அது பொதுவில் சேரும். பிபிடி 5204 சன்னத்தில் சேரும். மூட்டை எடையில் ஒன்று முந்தினால் விலையில் மற்றது முந்தும். எதை நடுவது என்ற பேச்சு ஆடி பிறந்தாலே ஊருக்கு ஊர் தொடங்கிவிடும்.

அரிசியின் அந்த வடிவத்தைத் தீர்மானிப்பது அரிசி அல்ல, உமி. அரிசி பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே உமி உருவாகத் தொடங்கிவிடுகிறது. பூ மலர்ந்து, கருவுற்று, பால் பிடித்து, பால் இறுகும்போது அது பரவ முடிந்த இடம் உமிக்குள் இருக்கும் இடம் மட்டுமே. உமி நீண்டு ஒடுங்கியிருந்தால் அரிசியும் அப்படியே. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த உமி. ஆலையில் அதைத் தள்ளிவிட்டு அரிசியை எடுத்துக்கொள்கிறோம். பூவியல் கண்ணோட்டத்தில் பார்த்தால் நாம் தள்ளுவதுதான் நெல் பூவின் புற உறுப்பு. மற்ற செடிகளில் புல்லிவட்டம் நிற்கும் இடத்தில் நெல்லில் இந்த இரண்டு ஓடுகள் நிற்கின்றன. பெரியதற்கு லெம்மா என்று பெயர், சிறியதற்கு பேலியா. இரண்டும் விளிம்பில் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிப் பூட்டிக்கொள்ளும். உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள், இறகுபோல் விரிந்த சூல்முடி, அடியில் லாடிக்யூல் என்ற இரண்டு சின்னஞ்சிறு சதைச் செதில்கள். பூக்கும் நாளில் காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் அந்தச் செதில்கள் நீரை உறிஞ்சி உப்ப, உமி வாய் திறக்கிறது. ஒரு மணி நேரம் போல் திறந்திருந்து மூடிக்கொள்கிறது. பூ எடுத்திருக்கும் வயலில் காலை நேரத்தில் மருந்தடிக்காதே என்று பெரியவர்கள் தடுப்பது இதனால்தான்.

ஆனால் இந்த அத்தியாயத்தின் சங்கதி பூ எடுப்பதற்கு ஒரு மாதம் முந்தையது.

நீண்ட கால சம்பா ரகம் ஒன்றை ஆவணி வாக்கில் விதைத்தால், ஐப்பசி கார்த்திகை மழைக்கு நடுவில் அதன் தண்டு உருளத் தொடங்கும். மேலுரம் வைக்கச் சொல்லி வேளாண் அலுவலர்கள் நினைவூட்டும் கட்டம் அது. வெளியிலிருந்து பார்த்தால் பயிரில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி இலை வரவில்லை, தொண்டைக்கதிர் இல்லை. தூரிலிருந்து ஒரு சிம்பைப் பிடுங்கி, அடித்தண்டைப் பிளேடால் நெடுக்காகக் கீறி, உருப்பெருக்கியில் பார்த்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெண்மையான ஒரு நுனி இருக்கும். எதிர்காலக் கதிர் அதுதான். அடுத்த சில நாட்களில் அதன் கிளைகளில் மொட்டுகள் எழும். ஒவ்வொரு மொட்டிலும் செல்கள் ஒரு தீர்மானத்துக்கு வந்தாக வேண்டும்: இலையாகப் போகிறோமா, உமியாகப் போகிறோமா?

இந்தத் தீர்மானத்தில் முன்னணியில் நிற்கும் புரதத்தின் பெயர் ஓஎஸ்மேட்ஸ்1. ‘ஓஎஸ்’ என்பது நெல்லின் அறிவியல் பெயரான ஓரைசா சட்டைவா என்பதன் முதலெழுத்துகள். ‘மேட்ஸ்’ ஒரு கூட்டுக் குடும்பத்தின் பெயர். ஈஸ்ட், அராபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடி, ஸ்நாப்டிராகன் பூச்செடி, மனிதன் என நான்கு உயிர்களில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த நான்கு புரதங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அப்படி வைத்தார்கள். டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் அறுபது அமினோ அமிலத் துண்டு ஒன்று நான்கிலும் ஒரே சாயலில் இருந்தது. நெல்லில் மட்டும் இந்தக் குடும்பத்தில் 75 மரபணுக்கள் இருப்பதாக டெல்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று 2007-இல் கணக்கெடுத்தது. அந்த 75-இல் ஒன்று, மூன்றாவது குரோமோசோமில் இருப்பது, நம்முடையது.

அது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை ஒரு நெற்செடி முன்பே காட்டியிருந்தது. அதன் உமி இலைபோல் பச்சையாக நீண்டு, பூட்டிக்கொள்ளாமல் திறந்து கிடக்கும், விதை பிடிக்காது. கொரியாவைச் சேர்ந்த கின்ஹியூங் ஆன் குழுவினர் 1994-இல் ஓஎஸ்மேட்ஸ்1 மரபணுவைப் பிரித்தெடுத்திருந்தார்கள். இந்த இலை-உமி மலட்டு நெல்லின் கோளாறு அதே மரபணுவில்தான் என்று 2000-இல் காட்டினார்கள். புரதம் டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியில் இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. அவ்வளவுதான். இந்த விவரத்தைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கீழே ஓர் இடத்தில் தேவைப்படும்.

கொரியாவைவிட டெல்டாவுக்கு அருகில், பெங்களூருவில் இந்தக் கதை தொடர்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் நுண்ணுயிரியல், செல் உயிரியல் துறையில் உஷா விஜயராகவனின் ஆய்வகம் இந்த ஒரே புரதத்தை இருபது ஆண்டுகள் போல் விடாமல் துரத்தியிருக்கிறது. நெல் பூவில் உமிக்கு அடியில் முளைத்து வளராமல் நின்றுவிடும் குட்டிச் செதில்கள் உண்டு. அங்கேயும் ஓஎஸ்மேட்ஸ்1-ஐ வலிந்து சுரக்க வைத்தபோது அவை உமிச்சாயல் பெற்றன. இது 2001-இல். மரபணுவை ஒடுக்கியபோது உமி உருப்படாமல் போனதோடு உள்ளுறுப்புகளும் குழம்பின. இது 2005-இல். கூட்டினால் உமி வருகிறது, குறைத்தால் உமி கெடுகிறது. ஒரு புரதத்தின் மீது குற்றம் சாட்ட இதைவிட நல்ல சாட்சியம் கிடைப்பது அரிது.

ஆனால் சாட்சியம் வேறு, கையும் களவுமாகப் பிடிப்பது வேறு. ஓஎஸ்மேட்ஸ்1 தானாக உமியைக் கட்டுவதில்லை. அது மற்ற மரபணுக்களை ஏவுகிற புரதம். காவிரியிலும் வெண்ணாற்றிலும் தண்ணீர் ஒன்றுதான். எந்த வாய்க்கால் ஷட்டரை ஏற்றுவது, எதை இறக்குவது என்பதைப் பாசன லஸ்கர் பார்த்துக்கொள்வதால்தான் ஒவ்வொரு ஊர் வயலும் அதனதன் முறையில் நனைகிறது. செல்லுக்குள் இந்தப் புரதம் செய்வது அந்த வேலை. சில மரபணுக்களைத் திறக்கிறது, சிலவற்றை அடைக்கிறது. எவற்றை என்று தெரிய வேண்டுமானால், அது டிஎன்ஏவின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். மைக்ரோஸ்கோப்புக்கு அது எட்டாது. இளங்கதிரின் செல்லுக்குள் உள்ள ஆயிரக்கணக்கான வகைப் புரதங்களில் இது மிகச் சொற்ப அளவில் இருப்பது. இதை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் இன்னொரு மூலக்கூறு வேண்டும்.

அதற்குத்தான் எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருளை மருத்துவத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். பேரிங்கும் கிட்டசாட்டோவும் 1890-இல், நோயை எதிர்க்கும் ஏதோ ஒன்று ரத்தச் சீரத்தில் இருக்கிறது, அதை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் முடிகிறது என்று காட்டினார்கள். ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான சிகிச்சை அங்கிருந்து வந்தது. ஆய்வகம் அதே சரக்கை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. முயலின் உடலுக்கு நெல் புரதம் ஓர் அந்நியப் பொருள். அதைச் செலுத்தினால் அதன் ரத்தம் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் மூலக்கூறுகளைத் தயாரிக்கும். முயலுக்கு உமியைப் பற்றி என்ன கவலை? ஆனாலும் சில வாரங்களில், வியக்கத்தக்க துல்லியத்தோடு, அதன் ரத்தம் ஒரு நெல் புரதத்தை அடையாளம் காணக் கற்றுக்கொண்டுவிடுகிறது.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது முதல் சிக்கல் அந்த 75 பேர் கொண்ட குடும்பம். டிஎன்ஏவைப் பிடிக்கும் துண்டு எல்லா உறுப்பினர்களிடமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது. முழுப் புரதத்தையும் முயலுக்குக் கொடுத்தால் வருகிற எதிர்ப்பொருள்களில் ஒரு பங்கு அந்தத் துண்டைப் பிடிக்கும். அதாவது ஓஎஸ்மேட்ஸ்1-ஐத் தேடப்போய் அதன் பங்காளிகள் எல்லாரையும் பிடித்துக்கொண்டு வரும். ஆகவே இந்தக் குடும்பத்துக்கு எதிர்ப்பொருள் தயாரிப்பவர்கள் பொதுவான தலைப்பகுதியை வெட்டிவிட்டு, ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாக மாறும் உடல், வால் பகுதிகளை மட்டும் ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்துச் சுத்தம் செய்து செலுத்துவார்கள். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். பிறகு இரண்டு மூன்று வார இடைவெளியில் ஊக்க ஊசிகள், காதின் ரத்த நாளத்திலிருந்து கொஞ்சம் ரத்தம், அதிலிருந்து சீரம்.

இரண்டாவது சிக்கலைப் பயிர் ஆராய்ச்சிக்கு வெளியே இருப்பவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். முயல் தாவரம் தின்னும் பிராணி. வாழ்நாள் முழுக்கப் புல்லும் தழையும் தின்ற முயலின் ரத்தத்தில், நாம் ஊசி போடுவதற்கு முன்பே, தாவரப் புரதங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் இருக்கக்கூடும். எலிப் புரதத்தையோ மனிதப் புரதத்தையோ தேடுபவருக்கு இதனால் நஷ்டமில்லை. நெல்லில் தேடுபவருக்கு நஷ்டம். அதனால் ஊசிக்கு முன்பே ரத்தம் எடுத்து, அந்தச் சீரத்தை நெல் சாற்றோடு சோதித்து, சும்மா இருக்கும் முயலாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். வந்த சீரத்தையும் அப்படியே பயன்படுத்த மாட்டார்கள். தேடும் புரதத்தை ஒட்டவைத்த சிறு மணிகளின் ஊடாக அதை வடித்து, பிடித்துக்கொண்டவற்றை மட்டும் மீட்டெடுப்பார்கள்.

சரி, எதிர்ப்பொருள் கையில் இருக்கிறது. அது உண்மை சொல்கிறது என்று எப்படி நம்புவது?

வழக்கமான முதல் சோதனை வெஸ்டர்ன் பிளாட். இளங்கதிரை அரைத்து, புரதங்களை எடைவாரியாக ஜெல்லில் பிரித்து, படலத்துக்கு மாற்றி, எதிர்ப்பொருளை ஊற்றிப் பார்ப்பது. ஓஎஸ்மேட்ஸ்1-இன் நீளம் 250 அமினோ அமிலங்களுக்குச் சற்று மேல். எனவே சுமார் 30 கிலோடால்டன் உயரத்தில் ஒரு கோடு விழ வேண்டும். விழுந்துவிட்டால் பலர் மகிழ்ந்துபோய் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. அதே எடையில் வேறு புரதங்களும் உண்டு. அதன் பங்காளிகள் பலரின் எடையும் இதுதான். எதிர்ப்பொருளின் நேர்மை அது கோடு போடும் இடத்தில் தெரிவதில்லை, கோடு போடாத இடத்தில்தான் தெரியும். ஓஎஸ்மேட்ஸ்1 இல்லாத நெல்லில் அந்தக் கோடு மறைய வேண்டும், ஒடுக்கப்பட்ட நெல்லில் மங்க வேண்டும். இலையிலும் வேரிலும் வரவே கூடாது. மறையவில்லை என்றால் அந்த எதிர்ப்பொருள் இவ்வளவு நேரம் வேறு யாரையோ காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இங்கே அந்த இலை-உமி மலட்டு நெல் ஒரு பொறி. உமி கெட்டிருக்கிறது, மரபணு பழுது, ஆகவே இதில் புரதம் இருக்காது, இதையே வெற்றுச் சோதனைக்கு வைத்துக்கொள்வோம் என்று தோன்றும். ஆனால் அதில் மாறியிருப்பது இரண்டே அமினோ அமிலங்கள், அதுவும் தலைப்பகுதியில். புரதம் உருவாகிக்கொண்டே இருக்கலாம், வேலைதான் செய்யாது. வாலைப் பார்த்து அடையாளம் காணும் எதிர்ப்பொருளுக்கு அது வழக்கமான ஓஎஸ்மேட்ஸ்1 ஆகவே தெரியும். செடியைப் பார்த்தால் புரதம் இல்லை என்று தோன்றும், ஜெல்லைப் பார்த்தால் இருக்கிறது என்று தோன்றும். எந்தச் செடியை வெற்றிடமாக வைக்கிறோம் என்பதற்கு மரபணுவின் பழுது எத்தகையது என்று தெரிந்திருக்க வேண்டும். பெங்களூரு குழுவிடம் மரபணுவை ஒடுக்கிய தங்கள் சொந்த நெல் வரிசைகள் இருந்தது இந்த விஷயத்தில் பெரிய வசதி.

இது மிகையான எச்சரிக்கை அல்ல. மனித நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்காகக் கடையில் விற்கும் 614 எதிர்ப்பொருள்களை, அந்தந்தப் புரதம் நீக்கப்பட்ட செல்களில் வைத்துச் சோதித்த ஆய்வு 2023-இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன. அவற்றை நம்பி எழுதிய கட்டுரைகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. மருத்துவச் சந்தைக்காகப் பணம் புரளும் துறையின் நிலைமையே இது. நெல் புரதங்களுக்குக் கடையில் கிடைப்பவை சொற்பம். பெரும்பாலும் ஆய்வகமே தயாரித்து, ஆய்வகமே சோதித்து, ஆய்வகமே நம்ப வேண்டியிருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று வாங்கிப் போட்டு ஆறு மாதம் வீணாக்கும் ஆய்வு மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: வாங்கும் முன் வெற்றுச் செடி இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பத்தகுந்த எதிர்ப்பொருளைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் சுவையான பகுதி. இளங்கதிர்களைச் சேகரித்து ஃபார்மால்டிஹைடில் போட்டு, வெற்றிடத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சினால் திரவம் உள்ளே புகும். அந்தக் கணத்தில் எந்தப் புரதம் எந்த டிஎன்ஏ மீது உட்கார்ந்திருந்ததோ அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு உட்கருக்களைப் பிரித்து, கேளா ஒலியால் டிஎன்ஏவைச் சில நூறு எழுத்துத் துண்டுகளாக உடைப்பார்கள். எதிர்ப்பொருளை விட்டால் அது ஓஎஸ்மேட்ஸ்1-ஐப் பிடிக்கும், ஓஎஸ்மேட்ஸ்1 பிடித்திருக்கும் டிஎன்ஏவும் கூடவே வரும். 65 டிகிரியில் சூடாக்கி ஒட்டை அவிழ்த்து, வந்த துண்டுகளை வரிசைப்படுத்தி, நெல் மரபுத்தொகுதியில் எங்கே பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். ஆய்வகப் பேச்சில் இதற்கு ‘சிப்’ என்று பெயர். பொருத்திப் பார்க்க முழு வரைபடம் 2005-இல்தான் கிடைத்தது. சர்வதேசக் கூட்டமைப்பு அதை வெளியிட்டபோது பதினோராவது குரோமோசோமில் ஒரு பகுதி இந்தியாவின் பங்களிப்பு.

இம்தியாஸ் காண்டே முதல் ஆசிரியராக, உஷா விஜயராகவனின் குழு 2013-இலும் 2016-இலும் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளில் விடை வந்தது. முதலாவதில் ஓஎஸ்மேட்ஸ்1 தன் குடும்பத்திலேயே மேட்ஸ்34-ஐ அடக்குகிறது, மேட்ஸ்55-ஐ ஏவுகிறது என்று தெரிந்தது. ‘இனிக் கிளைக்காதே, இங்கே ஒரே ஒரு பூ’ என்ற கட்டளைக்கு அது சமம். கோதுமையின் சிறுகதிரில் பல பூக்கள், நெல்லில் ஒன்றே ஒன்று. இரண்டாவதில் முழு மரபுத்தொகுதியும் அலசப்பட்டு, மரபணுக்களோடு தொடர்புடைய 3,000-க்கும் மேற்பட்ட இடங்களில் இந்தப் புரதத்தின் இருக்கை கண்டறியப்பட்டது. ஒரு புரதத்துக்கு இத்தனை ஷட்டரா என்று திகைப்பு வருகிறது. உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வேலை நடக்கிறது என்று பொருளல்ல. ஒடுக்கப்பட்ட செடியில் எந்த மரபணுக்களின் அளவு மாறுகிறது என்ற பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் உண்மையான ஏவலைப் பிரிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஹார்மோன் கணக்கு. ஓஎஸ்மேட்ஸ்1 ஆக்சின் பக்கத்தை ஊக்குவிக்கிறது, சைட்டோகைனினுக்குப் பதிலளிக்கும் மூன்று மரபணுக்களை நேரடியாக அடக்குகிறது. சைட்டோகைனின் என்பது வளர்நுனியில் செல்களைப் பெருக வைக்கும் ஹார்மோன். கதிரில் எத்தனை மணி என்பது அதைப் பொறுத்தது. சைட்டோகைனினைச் சிதைக்கும் நொதி ஒன்று குறைந்தால் மணி கூடும் என்று ஜப்பானியர்கள் 2005-இல் கண்டறிந்தார்கள். ஹைதராபாத்தின் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதே நொதியின் மரபணுவைத் திருத்தி உருவாக்கிய நெல் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. டிஆர்ஆர் தன் 100, செல்லப்பெயர் கமலா. அதன் தாய் ரகம் வேறெதுவுமல்ல, நம் பக்கம் பிபிடி என்று கூப்பிடும் சம்பா மசூரிதான். உமி கட்டும் புரதமும் மணியைப் பெருக்கும் திருத்தமும் ஒரே ஹார்மோனின் இரு வேறு மதகுகளில் நிற்கின்றன.

சன்னம், பொது என்ற வித்தியாசத்திலும் இந்தப் புரதத்துக்குக் கை இருக்கிறது. நீண்டு ஒல்லியான மணி கொண்ட சில நெல் வகைகளில் ஓஎஸ்மேட்ஸ்1-இன் வால் குறைந்த வடிவம் ஒன்று இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும் விதத்தில் நேர்ந்த மாற்றம் அது. புரதம் கெடவில்லை, உமி சரியாகவே பூட்டுகிறது, ஆனால் நீளமாக வளர்கிறது. மணியின் தரமும் விளைச்சலும் ஒருசேரக் கூடின என்பது அவர்களின் முடிவு. எதிர்ப்பொருள்காரருக்கு இது புதுத் தலைவலி. அவருடைய எதிர்ப்பொருள் வாலின் நுனியைப் பிடிப்பதாக இருந்தால், இந்த ரகங்களில் அது கண்ணை மூடிக்கொள்ளும். குண்டு நெல்லில் புரதம் நிறைய, சன்ன நெல்லில் இல்லவே இல்லை என்று ஒரு தவறான, கேட்பதற்கு அழகான முடிவு கையில் வந்து விழும். முயலுக்கு எந்தத் துண்டைக் கொடுத்தோம் என்ற கேள்வி இத்தனை தூரம் வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

1922-இல் தொடங்கிய ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் கலப்பினப் பணிக்கு இந்த எதிர்ப்பொருள் தேவையா என்றால், அன்றாடத்துக்குத் தேவையில்லை. எந்த ரகத்தில் வால் குறைந்த வடிவம் இருக்கிறது என்று அறிய நாற்றின் ஓர் இலைத் துண்டும் டிஎன்ஏ சோதனையும் போதும். கதிர் வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். புரதம் எந்த நாளில், எந்தத் திசுவில், எதன் மீது உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வியை மட்டும் டிஎன்ஏ சோதனையால் தொட முடியாது.

முயல் சீரத்துக்கு இன்னொரு குறை உண்டு. அது தீர்ந்துபோகும். அதே புரதத்தை அடுத்த முயலுக்குக் கொடுத்தால் வருவது இன்னொரு கலவை, எல்லாச் சோதனையையும் மறுபடி நடத்த வேண்டும். கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் கண்ட மோனோகுளோனல் முறையில் ஒரே எதிர்ப்பொருளைச் சாகாத செல் வரிசையிலிருந்து தொடர்ந்து எடுக்கலாம், 1984-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு நெல் புரதத்துக்கும் அதைச் செய்யும் செலவு கட்டுப்படியாகாது. அதனால் பல ஆய்வகங்கள் இப்போது குறுக்கு வழியில் போகின்றன. நன்கு சோதிக்கப்பட்ட ஒரு மோனோகுளோனலை எடுத்துக்கொண்டு, அது பிடிக்கும் எட்டு ஒன்பது அமினோ அமிலச் சீட்டை நெல்லின் புரதத்திலேயே ஒட்டிவிடுகின்றன. ஒட்டாத சாதாரண நெல்லே வெற்றுச் சோதனைக்குக் கிடைத்துவிடுகிறது, அது பெரிய லாபம். ஒட்டிய சீட்டு புரதத்தின் வேலையைக் கெடுத்திருக்கிறதா என்பது மட்டும் ஜெல்லில் தெரியாது. அந்தச் செடியை நட்டு, தண்டு உருண்டு, கதிர் வெளிவந்து, பூ எடுக்கும்வரை வளர்த்து, உமி பச்சையாக விரிகிறதா, ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று ஒவ்வொரு மணியாகப் பார்த்த பிறகுதான் இளங்கதிரை வெட்டத் தொடங்குவார்கள்.